நாகலெட்சுமியின் கறுப்புப் பாட்டுப் புத்தகம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், அவற்றைப் பாட்டுப் புத்தகம் என்றுதான் சொல்வோம். பார்வைக்கும் புத்தகமேதான். தடித்த அட்டை, முதுகில் மங்கிய தங்க வரி, புரட்டுவதற்குப் பக்கங்கள். ஆனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு காகிதப் பை. பைக்குள் கையை விட்டால் குளிர்ந்துபோன ஓர் இசைத்தட்டு வெளியே வரும். பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று புத்தகங்கள். என் பெரியப்பா நல்லமுத்துவின் ஒற்றை அறைக் காம்பராவில், அரிசிப் பெட்டிக்கு மேலே, கூரை ஒழுகினாலும் நனையாதபடி கம்பளியால் சுற்றி வைத்திருப்பார்.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில், ரோட்டை விட்டு மேலே ஏறினால் எங்கள் தோட்டப் பிரிவு. காலையில் மேகம் லயத்துக்குள்ளேயே வந்து குந்தியிருக்கும். வாசல் இஸ்தோப்பில் நின்றால் பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமுவது கேட்கும், ஆள் தெரியாது. அந்த மேகத்துக்குள் ஒரு பாட்டுப் பெட்டி பாடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. மலைதான் தூக்கத்தில் முனகுகிறதோ என்று இருக்கும்.

பெரியப்பாவின் ஒரே மகள் நாகலெட்சுமி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். எனக்கு நாகு அக்கா. எங்கள் தோட்டத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஒரு மனிதரின் கதையை எழுதுவோம் என்று உட்கார்ந்தபோது யாருடைய கதை என்று நான் யோசிக்கவே இல்லை. பேனாவைத் திறந்ததும் நாகு அக்காதான் வந்து நின்றாள், கையில் ஒரு கறுப்புத் தட்டை விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு.

பெரியப்பா முன்பு பங்களாவில் சமையல்காரர். கோக்கி என்பார்கள். அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரைக்கு இசைப் பைத்தியம். அலமாரி மாதிரி ஒரு பெரிய பெட்டி வைத்திருந்தாராம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் அதுவே ஒவ்வொன்றாக இறக்கிப் பாடும். நாற்பத்தெட்டாம் ஆண்டு துரை சீமைக்குப் போனபோது அந்தப் பெட்டியை வேறொரு துரை வாங்கிப் போனார். ஆற்றங்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும்போது எடுத்துச் செல்கிற, சாவி கொடுத்துப் பாடவைக்கிற சின்னச் சாவிப்பெட்டி ஒன்று இருந்தது. அதையும் மூன்று புத்தகங்களையும் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த துரை தன் கோக்கியோடு வந்து இறங்கினார். பெரியப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் பெரியம்மா மீனம்மா இறந்துபோயிருந்தார். காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாகு அக்காவுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட வரவில்லை. பெரியம்மாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் பெரியப்பா அடுப்பை ஊத ஆரம்பித்துவிடுவார்.

ஆக, அந்த வீட்டில் பேசுவதற்கு அப்பாவும் மகளும், பாடுவதற்கு மூன்று புத்தகங்கள்.

ஊசிக்குப் பஞ்சம். டவுனுக்குப் போய் வாங்க வேண்டும். பெரியப்பா பங்களாத் தோட்டத்து எலுமிச்சையிலிருந்து முள் ஒடித்து வந்து, சீவி, அதைத்தான் மாட்டுவார். முள்ளில் பாடினால் சத்தம் சின்னதாக வரும், பஞ்சில் சுற்றிக் கொடுத்தது போல. நாகு அக்கா பெட்டிக்குள் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். பாதிப் பாட்டிலேயே தூங்கிப்போவாள். எழுந்து, தூக்கத்தில் கேட்டது எது, விழித்துக் கேட்டது எது என்று தெரியாமல் முழிப்பாள்.

பச்சைப் புத்தகம் ஆட்டப் பாட்டு. அதில் ஒரு தட்டில் ஒரு வெள்ளைக்காரன் பாடிக்கொண்டே வரும்போது நடுவில் சிரிக்கத் தொடங்குவான். நிறுத்த முடியாமல் சிரிப்பான். அந்தத் தட்டைப் போட்டால் லயமே கூடிவிடும். எங்கள் தோட்டத்தில் கும்மிக்குத் தலைப்பாட்டு எடுக்கிற வீரம்மா அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இந்தா, இவனுக்கும் சம்பளம் கூட்டிட்டேன்னு சொல்லி ஏமாத்திப்புட்டாங்கடி!" என்பார். அவன் சிரிப்பும் எங்கள் சிரிப்பும் சேர்ந்து கூரைத் தகரம் அதிரும்.

சிவப்புப் புத்தகம் கோயில் பாட்டு. வெள்ளைக்காரர்கள் கோயில். பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவார்கள், பின்னால் மணி அடிக்கும். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள், ஆனால் ஒரே குரலில் இல்லை. ஒரு குரல் மேலே போகும்போது இன்னொரு குரல் அதன் அடியில் நின்று தாங்கும். நாகு அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் கும்மி பழகும்போது வீரம்மா அத்தை தொண்டையைத் திறந்தால், இவள் அதற்கு அடியில் வேறொரு குரலில் மெல்ல இழுப்பாள்.

"ஏன்டி, எம் பாட்டுக்குக் கீழ நீ என்னாடி தனியா ஒரு பாட்டு பாடுற?"

"ஒங்க பாட்டத்தான் அத்த பாடுறேன்."

"எம் பாட்டு எனக்குத் தெரியாதா? ஊரு ஒரு பக்கம் போனா இவ ஒரு பக்கம் போறா!"

கறுப்புப் புத்தகம் வேறு மாதிரி. அதில் நாலு தட்டு. பாட்டே கிடையாது, மனிதக் குரலே கிடையாது. வயலினும் குழலும் முரசும் இன்னும் என்னென்னவோவும் சேர்ந்து, எட்டுப் பக்கத்துக்கும் ஒரே நீளமாக ஓடும். யாரோ ஓர் ஐரோப்பியர் ஆக்கியது. இரண்டாம் தட்டு பாடுவதற்குள் லயத்து ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். அப்பாவும் மகளும் மட்டும் இருப்பார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில், வெளியே மேகம் இறங்கி நிற்க, பெரியப்பா அதற்கு ஒரு கதை சொல்வார்.

தட்டுகளின் நடு வட்டத்தில் தீப்பெட்டிப் படங்களை ஒட்டியிருந்தார்: தாமரை, மான், கப்பல், விளக்கு. பின்பக்கத்து வட்டத்தில் வெறும் காகிதம். படம் இருக்கிற பக்கத்தை முதலில் போட வேண்டும். முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். பிறகு அடுத்த தட்டு.

தாமரையில் விடியும். வயலின்கள் அடித்தொண்டையில் பேசிக்கொள்ளும். "அம்மா கொழுந்துக் கூடைய எடுத்துக்கிட்டுப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறா" என்பார் பெரியப்பா. தாமரையைத் திருப்பினால் ஒரே இடி. முரசு உருளும், எக்காளம் அலறும். "மழ வந்துருச்சு. ஆத்துல வெள்ளம். அம்மா அந்தக் கரையில மாட்டிக்கிட்டா." மானில் அம்மா வழி தேடிக் காட்டுக்குள் ஓடுவாள். மானைத் திருப்பினால் ஏதோ ஒரு தோட்டத்தில் திருவிழா. அங்கே எல்லோரிடமும் வழி கேட்பாள். கப்பலிலும் அதன் பின்பக்கத்திலும் நடை, நடை, தாவித் தாவி நடை. கடைசியில் விளக்கு. ஒரே ஒரு குழல், ஆளில்லாத மலையில் யாரோ தனியாக நடந்து வருகிற மாதிரி. "அந்தா லயத்து வெளிச்சம் தெரியுது அவளுக்கு." விளக்கைத் திருப்பினால் எல்லாம் அடங்கிப் போகும். வயலின்கள் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். "வந்துட்டா. கூடைய எறக்கி வச்சிட்டா. தலத் துண்ட அவுத்துட்டா. இந்தா, ஒன் பக்கத்துல படுத்துட்டா."

நாகு அக்கா தூங்கியிருப்பாள்.

எங்கள் அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார், அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று. "எங்கம்மா கறுப்புப் பொஸ்தகத்துல இருக்காங்க, சாயங்காலம் வருவாங்க" என்பாளாம். வளர்ந்த பிறகு அப்படிச் சொல்வது நின்றது. கேட்பது நிற்கவில்லை. கொழுந்தெடுக்கப் போக ஆரம்பித்த பிறகும், கூடையை இறக்கிவிட்டு, கை கால் கழுவி, கறுப்புப் புத்தகத்தைத்தான் எடுப்பாள். கதையை இப்போது யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. விளக்கின் பின்பக்கம் வரும்போது சுவரோரமாக ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுப் படுப்பாள்.

அதனால்தான் அவளுக்கு ஒரு வழக்கம் வந்தது. எந்தப் பாட்டானாலும் முடிகிற இடத்தில் குரலை இறக்கிவிடுவாள். தாலாட்டோ, கும்மியோ, மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டே பாடுவதோ, எல்லோரும் உச்சத்தில் கொண்டுபோய் முடித்தால் அவள் மட்டும் மெல்ல இறங்கி, இறங்கி, எங்கே பாட்டு நின்றது, எங்கே மேகம் தொடங்கியது என்று தெரியாமல் விட்டுவிடுவாள். பாட்டு என்றால் அப்படித்தான் முடியும், வீட்டுக்கு வந்து படுப்பது போல, என்று அவள் நினைத்திருந்தாள்.

அறுபத்திரண்டாம் ஆண்டுத் திருவிழாவுக்கு அட்டன் டவுனிலிருந்து மைக்செட் வந்தது. அதை ஓட்டுகிறவர் கணேசமூர்த்தி. ஒல்லியான ஆள், சுருட்டை முடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஊசி டப்பா. கோயிலடி மரத்தில் இரண்டு ஒலிபெருக்கிப் புனலைக் கட்டி, படப் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மலைக்குக் கேட்டது. நாகு அக்கா கும்மிக் கூட்டத்திலிருந்து நேராக அவரிடம் போனாள்.

"ஏங்க, மைக்செட்டுக்காரரே!"

"என்னாங்க?"

"பாட்டு முடியிற எடத்துல அந்தத் திருகாணியக் கொஞ்சம் கொறைங்களேன்."

"ஏங்க, பாட்டு நல்லா இல்லீங்களா?"

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. முடியிறதுதான் கதவ அறையிற மாதிரி முடியுது."

அவர் சிரித்துவிட்டார். "இந்தத் தொழிலுக்கு வந்து, சத்தம் பத்தலைன்னு சண்டைக்கு வந்தவங்களத்தான் பாத்திருக்கேன். கொறைக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதாங்க."

பின்னால் வந்த வீரம்மா அத்தை விடுவாரா? "தம்பி, நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்க. அவ காதுக்குள்ள ஒரு வெள்ளைக்காரன் குந்திக்கிட்டு இருக்கான். ஊரு பேச்சு ஏறாது."

ஆனால் கணேசமூர்த்தி குறைத்தார். அந்தப் பாட்டு முடிகிற இடத்தில், அடுத்த பாட்டு முடிகிற இடத்தில், திருவிழா முடிகிறவரை. தேருக்கு முன்னால் போகிறவர்கள் "என்னாய்யா, மிசினு மூச்ச விடுதா?" என்று கேட்டார்கள். அவர் கேட்காத மாதிரி இருந்தார். அடுத்த வருடம் மழைக்கு முன்னால் அவருடைய அம்மா பேச்சியம்மா வெற்றிலை பாக்கோடு பெண் கேட்டு வந்தார்.

நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். பெண் பார்க்கிற அன்று பெரியப்பா காம்பராவைச் சாணி போட்டு மெழுகி, புதுப் பாய் விரித்திருந்தார். பேச்சியம்மா பாயில் உட்கார்ந்தார். கணேசமூர்த்தி உட்காரவில்லை. அரிசிப் பெட்டிக்கு மேலே இருந்த கம்பளியைப் பார்த்துவிட்டார்.

"மாமா, இது என்னாங்க... செட்டா? முழு செட்டா வச்சிருக்கீங்களா?" கறுப்புப் புத்தகத்தைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார். "இந்த மாதிரி ஒண்ண நான் கடைக் கண்ணாடியிலதான் பாத்திருக்கேன். போட்டுப் பாக்கட்டுங்களா?"

"அது பழசு தம்பி," என்றார் பெரியப்பா. "மொதல்ல தேத்தண்ணி குடிங்க. அப்பறம் பாப்போம்."

"ஒரே ஒரு தரம் மாமா."

மாப்பிள்ளை கேட்கும்போது மறுப்பது எப்படி? பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லித் தடுப்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

கணேசமூர்த்தி எலுமிச்சை முள்ளைக் கழற்றிவிட்டு, தன் டப்பாவிலிருந்து புது இரும்பு ஊசி மாட்டினார். தாமரைத் தட்டைக் கதவு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நடு வட்டத்தில் படம் ஒட்டியிருந்தாலும், அதற்கு வெளியே கறுப்பிலேயே பொடியாக எண் கீறியிருக்கும். தட்டுத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். ஒரு தட்டைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மாமா, நீங்க இதை எப்புடிப் போடுவீங்க? ஒரு பக்கம் முடிஞ்சதும் அதே தட்டத் திருப்பிப் போடுவீங்களா?"

"ம்."

"அங்கதான் தப்பு! இது தானா தட்டு எறக்குற மிசினுக்குன்னு செஞ்ச செட்டு. நாலு தட்டும் மேல் பக்கத்த மட்டும் வரிசையாப் பாடி முடிச்சிரும். அப்பறந்தான் மொத்தத்தையும் தூக்கித் திருப்பி வைக்கணும். கடைசித் தட்டோட பின்பக்கத்துல ஆரம்பிச்சு, மொதத் தட்டோட பின்பக்கத்துல வந்து முடியும். நீங்க தலை முடிஞ்சதும் வாலு, வாலு முடிஞ்சதும் கழுத்துன்னு கேட்டிருக்கீங்க!"

வாசலில் நின்ற வீரம்மா அத்தை, "அப்பிடின்னா இத்தன வருசமா இவங்க வீட்டுல மாடு பின்பக்கமாத்தான் நடந்திருக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாவுக்கு மகனின் கெட்டிக்காரத்தனத்தில் பெருமை முகம் கொள்ளவில்லை.

அவர் சரியான வரிசையில் போட்டார். உள்ளே, அடுப்படிச் சாக்குத் திரைக்குப் பின்னால், நாகு அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

தாமரை விடிந்தது. இடி வரவில்லை. மான் ஓடியது, கப்பல் நடந்தது. விளக்கு வந்தது, விளக்கின் பின்பக்கம் வந்தது. அம்மா வந்து கூடையை இறக்கிவிட்டுப் படுத்தாள். இரும்பு ஊசியில் ஒவ்வொரு மூச்சும் துல்லியமாகக் கேட்டது. ஆனால் பாட்டு அங்கே நிற்கவில்லை. படுத்தவள் எழுந்து நடந்தாள். திருவிழாவுக்குள் போனாள். கடைசியாகத் தாமரையின் பின்பக்கம்: முரசு, எக்காளம், வெள்ளம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓங்கி ஓங்கி அடித்து, டக்கென்று முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நாகு அக்கா வெளியே வந்தாள். தேத்தண்ணித் தட்டைப் பாயில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டு, கறுப்புப் புத்தகத்தை மூடினாள்.

"இந்தப் பேச்சு வேணாம்ப்பா."

அவ்வளவுதான். பேச்சியம்மா வெற்றிலைத் தட்டோடு எழுந்து போனார். கணேசமூர்த்தி படியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். செய்த பிழை என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

லயம் சும்மா இருக்குமா? "மாப்புள வேணாம்னா மூக்கு சப்பைம்பாங்க, கறுப்பும்பாங்க. தட்டத் திருப்பலைன்னு வேணாம்னவள இப்பத்தான் பாக்குறேன்" என்றார்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில். நாகு அக்கா வாளியை நிரப்பிக்கொண்டு வந்தாள். சாவிப்பெட்டி பாடி யாரும் கேட்கவில்லை. மலையில் பாடவில்லை. கும்மிப் பழக்கத்துக்கு வந்து கையை மட்டும் தட்டினாள். கடைசியில் வீரம்மா அத்தையே வந்து, "அடியில தாங்க ஆளு இல்லாம எம் பாட்டு தொங்குதுடி, வாயத் தொறந்து தொலையேன்" என்று கெஞ்சிப் பார்த்தார்.

ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "ஆளில்லாத நேரம் பழைய மாதிரி போட்டுப் பாத்தேன் தம்பி. முடியல. அம்மா வந்து பக்கத்துல படுக்குறாங்க. படுத்த ஒடனே, அடுத்தது என்னா வரும்னு காது சொல்லிருது. எந்திரிச்சுப் போயிருறாங்க. பதினஞ்சு வருசம் வந்துக்கிட்டு இருந்தவங்க, ஒரே நாள்ல வராமப் போயிட்டாங்க."

பேராதனையில் நான் எத்தனையோ படித்திருந்தேன். அவள் கையிலிருந்த வாளியை மட்டும் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன்.

மழைக்காலம் பாதி கழிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்போரம் குந்தியிருந்தேன், நாகு அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குத் தெரியும் புள்ள."

"என்னாது?"

"அந்தப் பாட்டு எப்புடி முடியும்னு. தொர பங்களாவுல நெதமும் கேட்டதுதான? சூப்பு எடுத்துக்கிட்டுப் போவேன், வெளக்கு பாடும். சாப்பாட்டுத் தட்டக் கழுவையில இடி இடிச்சு முடியும்."

துருவுகிற சத்தம் நின்றது.

"இங்க கொண்டாந்து மொத மொத போட்டப்ப, இந்தச் சின்னப் பொட்டிக்கு அந்த வித்த தெரியாதுங்கிறது எனக்கு ஒறைக்கல. தட்டத் திருப்பிப்புட்டேன். ஒடனே இடி. தப்பாப் போச்சுன்னு எடுக்கப் போறேன், நீ என் கையப் புடிச்சுக்கிட்டு, அம்மா மழையிலயா போயிட்டாங்கன்னு கேட்ட. ஆமான்னேன். அப்பறம்னு கேட்ட. அடுத்த தட்டப் போட்டேன். அப்பறம், அப்பறம்னு கேட்டுக்கிட்டே இருந்த. கடைசி பக்கம் அடங்கிப் போச்சு. வந்துட்டாங்களான்னு கேட்ட." ரொட்டி கருகும் வாசம் வந்தது. அவர் எடுக்கவில்லை. "அவ போனதுலேருந்து நீ சரியாத் தூங்கல. அன்னிக்கித்தான் தூங்குன. தூங்குற புள்ளைய எழுப்பி, இல்லடி, அம்மா வரலன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

"அந்தப் படம்லாம்?"

"பள்ளிக்கூடத்துல ஒனக்கு நம்பரு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. வட்டத்துல நம்பரு போட்டிருந்துச்சு. ஒட்டி மறைச்சுட்டேன்."

நாகு அக்கா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அம்மா வரல."

"வரல."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. அவள் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனாள். வாளி ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது, ஊற்றிவிட்டுப் போனாள். மேகத்துக்குள் நுழைந்தவள் வெகுநேரம் கழித்து அதே மேகத்திலிருந்து திரும்பி வந்தாள். தலை நனைந்திருந்தது.

"அந்த மைக்செட்டுக்காரர வரச் சொல்லுங்கப்பா."

"என்னாத்துக்கு?"

"அவரு வரிசையில ஒரு தரம் முழுசாக் கேக்கணும். எனக்குப் போடக் கையி வராது. அவரு போடட்டும்."

நான்தான் அட்டனுக்குப் போய்ச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது கதை முழுவதையும் கணேசமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் படி ஏறும்போது, "நான் என்னாத்தங்க வாயத் தொறந்தேன் அன்னிக்கி" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது. அது எல்லாக் கல்யாணமும் போல நடந்தது, அதில் எழுத ஒன்றும் இல்லை. அவர் படி ஏறி வந்த அந்தச் சாயங்காலத்தைத்தான் எழுத வேண்டும்.

கணேசமூர்த்தி சட்டைப் பையில் இருந்த ஊசி டப்பாவைத் தொடவே இல்லை. நாகு அக்கா ஒரு எலுமிச்சை முள்ளைச் சீவி நீட்டினாள், அதை மாட்டினார். பெரியப்பா கதவோரம் நின்றார், ஓடிப்போகிற மாதிரி. தாமரை, மான், கப்பல், விளக்கு. ஒவ்வொரு தட்டு முடிந்ததும் கணேசமூர்த்தி அவளைப் பார்ப்பார். அவள் தலையை அசைப்பாள். அவர் அடுத்ததைப் போடுவார். விளக்கின் பின்பக்கத்தில் குழல் அடங்கி, வயலின்கள் மூச்சு விட்டபோது அவள் கண்ணை மூடவில்லை. திறந்த கண்ணோடு, சுவரோரத்து வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு கப்பலின் பின்பக்கம், மானின் பின்பக்கம். தாமரையைக் கையில் எடுத்துக்கொண்டு கணேசமூர்த்தி தயங்கினார்.

"போடுங்க."

முள் ஊசியில் இடிகூடத் தூரத்து மலையில் இடிப்பது போலத்தான் இருந்தது. ஆனாலும் முழுதாக இடித்தது. ஓங்கி அடித்து நின்றது. பாட்டு முடிந்த தட்டு இஸ்ஸென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள் நாகு அக்கா. "அம்மா பாடுவாங்களா?"

பெரியப்பா அடுப்பைப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது, ஊதுவதற்கு ஒன்றும் இல்லை.

"பாட்டெல்லாம் வராது அவளுக்கு," என்றார் மெல்ல. "சீட்டி அடிப்பா."

"சீட்டியா?"

"கொழுந்தெடுக்கையில. பொம்பள சீட்டி அடிச்சா மலைக்கு ஆகாதுன்னு கங்காணி குதிப்பாரு. அவரு அந்தப் பக்கம் திரும்புனதும் மறுபடியும் அடிப்பா. நான் பங்களா மேட்டுல நின்னா எனக்குக் கேக்கும். எந்த நெரையில நிக்கிறான்னு அதை வச்சித்தான் கண்டுக்குவேன்."

"எப்புடி அடிப்பாங்க?"

பெரியப்பா எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். உதட்டை நனைத்துக்கொண்டு குவித்தார். முன்பல் இரண்டும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வெறும் காற்றுத்தான் வந்தது. தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால் எது அவருடைய காற்று, எது தட்டின் இரைச்சல் என்றே தெரியவில்லை. கணேசமூர்த்தி கையை நீட்டித் தட்டை நிறுத்தினார்.

பெரியப்பா மறுபடி முயன்றார். இந்தத் தடவை காற்றுக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. மேலே போனது, சற்று நின்றது, ஏதோ குறும்பு செய்துவிட்டுத் தப்பி ஓடுகிறது போலக் குதித்துக் கீழே வந்தது. முடியவில்லை, பாதியில் அறுந்துபோனது.

நாகு அக்கா முழங்கால் போட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா, ப்பா."